வீட்டுச் சர்வர் வலையமைப்பில் ஐபி முகவரிகளும் சப்நெட்களும்: திட்டம் முதல் சோதனை வரை ஒரு முழுமையான வழிகாட்டி

வீட்டில் சிறிய சர்வர் ஒன்றை வைத்துக் கோப்புச் சேமிப்பு, கேமராப் பதிவு, சில கன்டெய்னர்கள் (தனித்தனிப் பொதிகளாக ஓடும் மென்பொருள்கள்) என்று ஓட்டத் தொடங்கியவர்கள், விரைவிலேயே எல்லாச் சாதனங்களும் ஒரே வலையமைப்பில் கலந்து கிடப்பதைக் கண்டு அதைச் சப்நெட்கள் எனப்படும் சிறு வலையமைப்புகளாகப் பிரிக்க முற்படுகிறார்கள். அந்த வேலை பெரும்பாலும் வரிசை தவறுவதால்தான் கெடுகிறது. விலானை (ஒரே கம்பியில் தனித்தனியாக ஓடும் மெய்நிகர் வலையமைப்பை) முதலில் உருவாக்கி, ஃபயர்வாலை (எது எங்கே போகலாம் என்று தீர்மானிக்கும் தடுப்பை) உடனே இறுக்கி, முகவரிகளைப் பற்றிக் கடைசியில் யோசிப்பவர்கள் தங்கள் ரவுட்டருக்குள்ளேயே நுழைய முடியாமல் நிற்கிறார்கள்.

ஃபைபர் இணைப்பு வீட்டுக்குள் வந்து சேரும் ஓஎன்டி பெட்டி, இரண்டு ஈதர்நெட் போர்ட்கள் உள்ள மினி கணினியில் ஓபிஎன்சென்ஸ் என்ற ரவுட்டர் மென்பொருள், வலைப்பக்கம் வழியே அமைக்கக்கூடிய எட்டு போர்ட் சுவிட்ச், பல வைஃபை பெயர்களை ஒளிபரப்பும் ஆக்சஸ் பாயிண்ட், மெய்நிகர் கணினிகளை ஓட்டும் பிராக்ஸ்மாக்ஸ் உள்ள சர்வர் ஆகியவை இருப்பதாக இங்கே கொள்கிறேன். வேறு ரவுட்டர் வைத்திருப்பவர்களுக்கு மெனுப் பெயர்கள் மாறும். படிகளின் வரிசை மாறாது.

1. தொடங்கும் முன் தயாராக இருக்க வேண்டியவை

ஈதர்நெட் கேபிளுடன் ஒரு மடிக்கணினி கட்டாயம் தேவை. வைஃபை வழியாக இந்த வேலையைச் செய்தால், ஆக்சஸ் பாயிண்ட்டின் அமைப்பை மாற்றும் கணத்திலேயே உங்கள் இணைப்பும் அறுந்துவிடும்.

ரவுட்டர், சுவிட்ச் இரண்டின் தற்போதைய அமைப்பையும் கோப்பாகப் பதிவிறக்கி மடிக்கணினியில் வைத்துக்கொள்ளுங்கள். கடவுச்சொற்களைக் காகிதத்தில் எழுதுங்கள்; அவை சர்வரில் ஓடும் கடவுச்சொல் பெட்டகத்தில் மட்டும் இருந்தால், வலையமைப்பு விழும்போது அவையும் எட்டாத இடத்துக்குப் போய்விடும். ரவுட்டர் கணினியில் செருகிப் பார்க்க ஒரு திரையும் விசைப்பலகையும் பக்கத்தில் இருக்கட்டும்.

இணையச் சேவை நிறுவனத்திடம் முன்கூட்டியே மூன்று விவரங்களைக் கேட்டு வையுங்கள்: பெட்டியை பிரிட்ஜ் முறைக்கு (தான் ரவுட்டராக இயங்காமல் இணைப்பை அப்படியே கடத்தும் முறை) மாற்றித் தருவார்களா, இணைப்பில் உள்நுழைவதற்கான பிபிபிஓஈ பயனர் பெயரும் கடவுச்சொல்லும் என்ன, அவர்கள் பக்கத்தில் விலான் எண் ஏதேனும் இட வேண்டுமா. வேலையின் நடுவில், வீட்டில் இணையம் இல்லாத நேரத்தில், இதற்காகத் தொலைபேசியில் காத்திருப்பது வீண்.

2. முகவரித் திட்டத்தைக் காகிதத்தில் முடித்தல்

மற்ற எல்லாப் படிகளும் இதன்மேல் நிற்பதால், இதற்கு ஒரு மாலைப் பொழுதைத் தாராளமாகக் கொடுக்கலாம்.

தனியார் வலையமைப்புகளுக்கென 1996-இல் வெளிவந்த ஆர்எஃப்சி 1918 என்ற இணையத் தரநிலை ஆவணம் மூன்று தொகுதிகளை ஒதுக்குகிறது: 10.0.0.0/8, 172.16.0.0/12, 192.168.0.0/16. சாய்கோட்டுக்குப் பின் வரும் எண், முகவரியின் எத்தனை பிட்கள் அந்தத் தொகுதி முழுவதிலும் மாறாதவை என்று சொல்கிறது; /24 என்றால் முதல் மூன்று எண்கள் மாறாது. எதை வேண்டுமானாலும் எடுக்கலாம் என்பது விதியளவில் சரி. நடைமுறையில் சில இடங்களைத் தவிர்க்க வேண்டும். 192.168.0.0/24, 192.168.1.0/24 ஆகிய இரண்டும் பெரும்பாலான ரவுட்டர்களின் இயல்புநிலை என்பதால், உறவினர் வீட்டிலோ விடுதியிலோ இருந்து விபிஎன் (இணையத்தின் ஊடே செல்லும் தனி இணைப்பு) வழியாக உங்கள் சர்வரைத் தொட முயலும்போது, அங்குள்ள வலையமைப்பும் அதே எண்களில் இருந்தால் பாக்கெட்டுகள் உங்கள் வீட்டுக்கு வராமல் அங்கேயே சுற்றும். 10.0.0.0/8 முழுவதையும் தங்கள் விபிஎன்னுக்குள் இழுத்துக்கொள்ளும் அலுவலகங்கள் பல உண்டு. வீட்டிலிருந்து வேலை செய்பவர் அந்தத் தொகுதியை எடுத்தால், அலுவலக இணைப்பு ஓடும் வரை வேறு சப்நெட்டில் உள்ள தம் சர்வரை எட்ட முடியாமல் போகலாம். 172.17.0.0/16 முதல் மேலே உள்ளவற்றைக் கன்டெய்னர்களை ஓட்டும் டாக்கர் எடுத்துக்கொள்கிறது. மெய்நிகர் கணினி மென்பொருள்களில் லிப்வர்ட் 192.168.122.0/24-ஐயும் விர்ச்சுவல்பாக்ஸ் 192.168.56.0/24-ஐயும் தமக்கென வைத்துக்கொள்கின்றன.

எனவே 192.168-இன் நடுப்பகுதியில் அடுத்தடுத்த நான்கு எண்களை எடுப்பதே என் பரிந்துரை:

192.168.72.0/24 – சர்வர்கள், சுவிட்ச், ஆக்சஸ் பாயிண்ட்
192.168.73.0/24 – வீட்டாரின் கணினிகள், கைப்பேசிகள், அச்சுப்பொறி
192.168.74.0/24 – கேமராக்கள், ஸ்மார்ட் பிளக்குகள் போன்றவை
192.168.75.0/24 – விருந்தினர்

72-ஐத் தேர்ந்ததற்குக் காரணம், அது நான்கால் வகுபடும் எண். அதனால் இந்த நான்கு சப்நெட்களும் சேர்ந்து 192.168.72.0/22 என்ற ஒரே தொகுதிக்குள் சரியாக அடங்குகின்றன. விபிஎன்னில் ஒரே ஒரு வழியை எழுதினால் வீடு முழுவதும் எட்டும். 70-இல் தொடங்கியிருந்தால் இந்த வசதி கிடைக்காது. விலான் எண்களையும் 72, 73, 74, 75 என்றே வையுங்கள். நள்ளிரவில் பிழை தேடும்போது, முகவரியின் மூன்றாம் எண்ணைப் பார்த்தவுடன் எந்த விலான் என்று தெரிவது பெரிய உதவி.

இதைவிட நுணுக்கமாகப் பிரிக்க ஆசை வரும். ஆனால் ஒவ்வொரு புதிய சப்நெட்டும் தன்னோடு ஒரு கட்டு ஃபயர்வால் விதிகளைக் கொண்டுவருகிறது. நான்கு பேர் உள்ள வீட்டுக்கு எட்டு சப்நெட்கள் என்பது பராமரிக்கப்படாத விதிகளில்தான் முடியும்.

மாஸ்க் (சப்நெட்டின் அளவைச் சொல்லும் அந்தச் சாய்கோட்டு எண்) எல்லா இடத்திலும் /24 ஆகவே இருக்கட்டும். 254 முகவரிகள் வீட்டுக்கு மிகுதி என்று /26-க்குப் போகிறவர்கள், 192.168.72.70/26 என்று முகவரி இட்டுவிட்டு கேட்வேயை (சப்நெட்டுக்கு வெளியே போகும் வழியான ரவுட்டரின் முகவரியை) 192.168.72.1 என்று எழுதுகிறார்கள். 70-இல் முடியும் அந்த முகவரி 64 முதல் 127 வரையிலான தொகுதியைச் சேர்ந்தது. கேட்வே அதற்கு வெளியே இருப்பதால் எதுவும் போகாது. தனியார் முகவரிகளுக்குக் காசில்லை. சிக்கனம் இங்கே தேவையற்றது.

ஒவ்வொரு சப்நெட்டின் உள்ளேயும் ஒரே ஒழுங்கைப் பின்பற்றுங்கள். 1 ரவுட்டருக்கு, 2 முதல் 49 வரை சாதனத்திலேயே கையால் இடும் நிலையான முகவரிகளுக்கு, 50 முதல் 99 வரை டிஹெச்சிபி (சாதனங்களுக்கு முகவரி வழங்கும் சேவை) குறிப்பிட்ட சாதனத்துக்கென்றே வைத்திருக்கும் ஒதுக்கீடுகளுக்கு, 100 முதல் 199 வரை டிஹெச்சிபி தானாக வழங்கும் தொகுப்புக்கு. 200-க்கு மேல் காலியாக விடுங்கள். பின்னாளில் ஏதேனும் ஒன்று தொடர்ச்சியான ஒரு வரிசையைக் கேட்கும்.

3. இணையச் சேவைப் பெட்டியை ஒழுங்குபடுத்துதல்

பிரிட்ஜ் முறை கிடைத்தால் அதையே எடுங்கள். அப்போது ஓபிஎன்சென்ஸே நேரடியாக வெளி முகவரியைப் பெறும். கிடைத்த முகவரி 100.64.0.0/10-க்குள், அதாவது 100.64 முதல் 100.127 வரையில் தொடங்குவதாக இருந்தால், நிறுவனம் பல வாடிக்கையாளர்களை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைத்திருக்கிறது என்று பொருள். ஐபிவி4-இல் (இங்கே பேசும் வழக்கமான முகவரி முறை) போர்ட் ஃபார்வர்டிங், அதாவது வெளியிலிருந்து வரும் இணைப்பை உள்ளே ஒரு சாதனத்துக்குத் திருப்புவது, அங்கே பயன்படாது. அதை உங்கள் பிழையாக எண்ணித் தேடி நேரத்தைக் கழிக்க வேண்டாம்.

பிரிட்ஜ் கிடைக்காவிட்டால் பெட்டியின் பின்னால் ரவுட்டரை வைத்து இரட்டை முகவரி மாற்றத்தோடு (பெட்டியும் ரவுட்டரும் தனித்தனியே முகவரியை மாற்றி எழுதுவது) வாழலாம். ஆனால் ஓபிஎன்சென்ஸ் தன் லேன் (வீட்டுப் பக்க வலையமைப்பு) முகவரியாக இயல்பாக 192.168.1.1-ஐ எடுக்கிறது, நிறுவனப் பெட்டியும் பெரும்பாலும் அதே முகவரியில் இருக்கும். இரு பக்கமும் ஒரே சப்நெட்டாக இருந்தால் ரவுட்டருக்கு வழி தெரியாது. பெட்டியின் உள் முகவரியை 192.168.254.1 என்று மாற்றிவிட்டு அடுத்த படிக்குச் செல்லுங்கள்.

இரண்டு தவறுகள் இங்கே அடிக்கடி நிகழ்கின்றன. ஒன்று, பெட்டியின் டிஹெச்சிபியை அணைத்துவிட்டு, ரவுட்டருக்கு வெளி முகவரி வரவில்லையே என்று திகைப்பது. ரவுட்டர் அதை அந்தப் பெட்டியிடமிருந்துதான் கேட்கிறது. மற்றொன்று, பெட்டியிலிருந்து இன்னொரு கேபிளைச் சுவிட்சிலும் செருகிவிடுவது. அப்போது ஒரே கம்பியில் இரண்டு டிஹெச்சிபி சர்வர்கள் பதில் சொல்லும், எது முந்துகிறதோ அதன் முகவரி சாதனத்துக்குப் போகும். சில சாதனங்கள் மட்டும் விட்டுவிட்டுக் கெடுகிற வலையமைப்பைக் கண்டால் இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

4. பழையதை அப்படியே விட்டுப் புதியதை ரவுட்டரில் எழுப்புதல்

192.168.1.0/24 என்ற பழைய லேனை இப்போது தொடாதீர்கள். சுவிட்சின் 8-ஆம் போர்ட்டை அதற்கென ஒதுக்கி, மடிக்கணினியை அதில் செருகுங்கள். வேலை முடியும்வரை திரும்பி வருவதற்கான வழி அதுதான்.

பழைய டிஹெச்சிபியின் லீஸ் காலத்தை (வழங்கிய முகவரி செல்லுபடியாகும் நேரத்தை) முந்தைய நாளே பத்து நிமிடங்களாகக் குறைத்துவிட வேண்டும். ஒரு சாதனம் தன் லீஸின் பாதிக் காலம் கழிந்த பிறகுதான் புதுப்பிக்கக் கேட்கிறது. லீஸ் 24 மணி நேரம் என்றால் பன்னிரண்டு மணி நேரம் அது வாய் திறக்காது. கேபிளைப் பிடுங்கிச் செருகினால் உடனே கேட்கும் என்பது உண்மைதான். ஆனால் வரவேற்பறையில் ஒரு சின்ன சுவிட்சுக்குப் பின்னால் இருக்கும் தொலைக்காட்சியின் இணைப்பு, இந்தப் பக்கம் விலானை மாற்றும்போது அறுவதில்லை. பழைய முகவரியைப் பிடித்துக்கொண்டே புதிய விலானில் அது தவிக்கும்.

பிறகு ரவுட்டரின் லேன் போர்ட்டின்மேல் 72 முதல் 75 வரை நான்கு விலான் இடைமுகங்களை உருவாக்கி, ஒவ்வொன்றுக்கும் 1-இல் முடியும் முகவரியை இடுங்கள். இடைமுகத்தின் மாஸ்க் கட்டத்தை 32-லேயே விட்டுவிடுவது புதியவர்களிடம் தவறாமல் காணப்படும் பிழை. /24 என்று மாற்றாவிட்டால் அந்தச் சப்நெட்டுக்கு டிஹெச்சிபி அமைக்கவே முடியாது.

ஒவ்வொரு இடைமுகத்திலும் 100 முதல் 199 வரையிலான தொகுப்போடு டிஹெச்சிபியை இயக்குங்கள். கேட்வேயும் டிஎன்எஸ்ஸும் (பெயர்களை முகவரிகளாக மாற்றும் சேவை) அந்தந்தச் சப்நெட்டின் 1-ஆம் முகவரியே. கடைசியாக, ஒவ்வொரு இடைமுகத்திலும் ‘எல்லாவற்றையும் அனுமதி’ என்ற ஒரு தற்காலிக விதியை எழுதுங்கள். புதிதாக உருவாக்கிய இடைமுகத்தில் விதி எதுவும் இருக்காது. விதி இல்லை என்றால் ஓபிஎன்சென்ஸ் எதையும் விடாது. முகவரி மட்டும் வந்து வேறு எதுவும் ஓடாத நிலை இதனால் ஏற்படுவதுதான். இறுக்குவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்; இந்தக் கட்டத்தில் பழுது கம்பியிலா விதியிலா என்ற குழப்பம் வரக்கூடாது.

5. சுவிட்ச், ஆக்சஸ் பாயிண்ட், பிராக்ஸ்மாக்ஸ்

ரவுட்டர், ஆக்சஸ் பாயிண்ட், சர்வர் ஆகிய மூன்றும் செருகப்பட்ட போர்ட்களில் நான்கு விலான்களையும் டேக் செய்து (பாக்கெட்டிலேயே விலான் எண்ணைக் குறித்து) அனுப்புங்கள். சாதாரண சாதனங்களின் போர்ட்களில் ஒரே ஒரு விலான் டேக் இல்லாமல் செல்ல வேண்டும்.

விலை குறைந்த சுவிட்ச்களில் இதற்கு இரண்டு தனித்தனிப் பக்கங்கள் இருக்கும். ஒன்றில் எந்தப் போர்ட் எந்த விலானின் உறுப்பு என்று குறிக்கிறோம். அது வெளியே போகும் பாக்கெட்டுகளைப் பற்றியது. மற்றொன்றில் பிவிஐடி எண்ணை இடுகிறோம். அது டேக் இல்லாமல் உள்ளே வரும் பாக்கெட்டுகளை எந்த விலானில் சேர்ப்பது என்பதைத் தீர்மானிக்கிறது. முதல் பக்கத்தை மட்டும் நிரப்பிவிட்டு இரண்டாவதை மறந்தால், சாதனம் அனுப்புவது ஒரு விலானிலும் பெறுவது இன்னொன்றிலுமாகப் போய், 169.254-இல் தொடங்கும் முகவரியோடு நிற்கும். அந்த முகவரியைக் கண்டால் எந்த டிஹெச்சிபியும் பதில் சொல்லவில்லை என்று பொருள். முதலில் பிவிஐடியைப் பாருங்கள். மேலும், சாதாரண சாதனங்களின் போர்ட்களை, பழைய லேனுக்கு ஒதுக்கிய 8-ஆம் போர்ட் தவிர, விலான் 1-இன் உறுப்புரிமையிலிருந்தும் நீக்க வேண்டும். பல சுவிட்ச்கள் அதைத் தாமாக நீக்குவதில்லை.

ஒரே ஒரு போர்ட்டை விலான் 73-க்கு மாற்றி, ஒரு கணினியைச் செருகி, 192.168.73 முகவரி வருகிறதா என்று பார்த்த பிறகே மற்ற போர்ட்களை மாற்றுங்கள். சுவிட்சின் சொந்த நிர்வாக முகவரியை 72-க்கு நகர்த்துவது கடைசி வேலை.

பிராக்ஸ்மாக்ஸில் மெய்நிகர் கணினிகளை வலையமைப்போடு இணைக்கும் பிரிட்ஜின் அமைப்பில் ‘விலான் அவேர்’ என்ற கட்டத்தைக் குறியிட்டு, ஒவ்வொரு மெய்நிகர் கணினியின் வலை அட்டையிலும் விலான் எண்ணை எழுதினால் போதும். சர்வரின் சொந்த முகவரியை மாற்றும்போது வலைப்பக்கத்தில் மட்டும் மாற்றினால் வேலை முடியாது. ஹோஸ்ட்ஸ் கோப்பில் பழைய முகவரி அப்படியே தங்கிவிடும், பிராக்ஸ்மாக்ஸின் சேவைகள் தம் பெயருக்கான முகவரியை அங்கிருந்துதான் எடுத்துக்கொள்கின்றன. இரண்டையும் மாற்றிய பிறகே மறுதொடக்கம் செய்யுங்கள்.

6. எதற்கு நிலையான முகவரி, எதற்கு ஒதுக்கீடு

ரவுட்டர், சுவிட்ச், பிராக்ஸ்மாக்ஸ், தனியாக ஓடும் டிஎன்எஸ் சர்வர், கோப்புச் சேமிப்பகம் ஆகியவற்றில் மட்டும் முகவரியைச் சாதனத்திலேயே எழுதுங்கள். மின்வெட்டுக்குப் பின் எது முதலில் எழும் என்று சொல்ல முடியாது. ரவுட்டர் எழும் முன்பே இவை தம் முகவரியோடு நிற்க வேண்டும். மற்ற அனைத்துக்கும் ரவுட்டரில் ஒதுக்கீடு செய்வதே நல்லது. பட்டியல் ஒரே இடத்தில் இருக்கும். சப்நெட்டை மாற்ற நேர்ந்தால் கேமரா கேமராவாக ஏறி இறங்க வேண்டியதில்லை.

நிலையான முகவரியை 100–199 தொகுப்புக்குள் இடாதீர்கள். அந்தச் சாதனம் அணைந்திருக்கும் நேரத்தில் டிஹெச்சிபி அதே முகவரியை விருந்தினரின் கைப்பேசிக்கு வழங்கிவிடும். பிறகு சாதனம் எழும்போது இரண்டும் மோதும். ஒதுக்கீடுகளைத் தொகுப்புக்குள் இடச் சில டிஹெச்சிபி சர்வர்கள் அனுமதிக்கின்றன, சில மறுக்கின்றன. வெளியே வைத்தால் எதிலும் சிக்கலில்லை.

கையால் மாஸ்க்கை இடும்போது 255.255.0.0 என்று எழுதிவிடும் தவறு கண்டுபிடிக்கக் கடினமானது. அப்படி இட்ட சேமிப்பகம் தன் சப்நெட்டில் நன்றாக இயங்கும், இணையத்தையும் எட்டும். ஆனால் 192.168.73-இல் உள்ள மடிக்கணினியைத் தன் கம்பியிலேயே இருப்பதாக எண்ணி, கேட்வேயிடம் கொடுக்காமல் நேரடியாகத் தேடும். மடிக்கணினியிலிருந்து கேள்வி போய்ச் சேர்கிறது, பதில் மட்டும் வருவதில்லை. பலர் இதை ஃபயர்வால் கோளாறு என்று எண்ணி விதிகளைக் கலைக்கிறார்கள்.

ஒதுக்கீடு, வலை அட்டையின் அடையாள எண்ணான மேக் முகவரியை நம்பியது. ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 முதல் கைப்பேசிகள் ஒவ்வொரு வைஃபைக்கும் புனைந்த மேக் முகவரியைக் காட்டுகின்றன. வைஃபையை மறந்து மீண்டும் சேர்த்தால் அது மாறக்கூடும். ஒதுக்கீடு வேண்டிய கைப்பேசியில் மட்டும், வீட்டு வைஃபைக்கு அந்த வசதியை அணைத்துவிடுங்கள்.

மெய்நிகர் கணினிகளை நகலெடுப்பவர்களுக்கு வேறொரு பொறி இருக்கிறது. நகலுக்குப் புதிய மேக் முகவரி கிடைத்தாலும், உபுண்டு சர்வர் போன்றவை டிஹெச்சிபியிடம் தம்மை மெஷின்-ஐடி என்ற கோப்பிலிருந்து பெற்ற அடையாளத்தால் அறிமுகப்படுத்திக்கொள்கின்றன. மூலத்தில் அந்தக் கோப்பைக் காலி செய்யாமல் நகலெடுத்தால் இரண்டு கணினிகளுக்கும் ஒரே முகவரி வரும்.

டாக்கரையும் இந்த இடத்திலேயே கட்டுக்குள் கொண்டுவாருங்கள். அது ஒவ்வொரு புதிய வலையமைப்புக்கும் 172.17-இலிருந்து ஒரு /16-ஐ எடுத்துக்கொண்டே போய், அவை தீர்ந்ததும் 192.168-க்குள் /20 தொகுதிகளாக இறங்கும். அதன் அமைப்புக் கோப்பில் முகவரித் தொகுப்பை 172.20.0.0/16 என்றும், ஒவ்வொன்றின் அளவை 24 என்றும் எழுதிவிட்டால் 256 வலையமைப்புகள் கிடைக்கும், வேறெங்கும் அது கைவைக்காது.

7. பெயர்களைத் தீர்த்தல்

உள்வலையமைப்புக்கு ‘ஹோம்.ஆர்ப்பா’ என்ற பின்னொட்டைப் பயன்படுத்துங்கள். வீட்டு வலையமைப்புகளுக்கென்றே 2018-இல் ஆர்எஃப்சி 8375 அதை ஒதுக்கியது. ‘லோக்கல்’ என்ற பின்னொட்டு, சாதனங்கள் தமக்குள்ளேயே பெயர்களை அறிவித்துக்கொள்ளும் எம்டிஎன்எஸ் முறைக்குச் சொந்தமானது என்பதால், அதை டிஎன்எஸ் சர்வரில் இட்டால் சில கணினிகள் பெயரைக் கண்டுபிடிக்கும், சில கண்டுபிடிக்காது.

டிஹெச்சிபியில் இரண்டாம் டிஎன்எஸ் கட்டத்தில் கூகுளின் 8.8.8.8 என்று பாதுகாப்புக்காக எழுதுவது மிகப் பரவலான தவறு. சாதனங்கள் இரண்டாவதை முதலாவது விழுந்தால் மட்டும் கேட்பதாக எந்த உறுதியும் இல்லை. விருப்பம்போல் மாறிமாறிக் கேட்கும். வெளி டிஎன்எஸ்ஸுக்கு உங்கள் சர்வரின் பெயர் தெரியாது. ஆகவே அந்தக் கட்டத்தைக் காலியாக விடுங்கள்.

அச்சுப்பொறியும் திரைக்கு அனுப்பும் சாதனங்களும் 224.0.0.251 என்ற பன்முக முகவரியில் தம்மை அறிவிக்கின்றன. அந்த அறிவிப்பு சப்நெட்டைத் தாண்டாது. ரவுட்டரில் எம்டிஎன்எஸ் ரிப்பீட்டர் நிறுவலாம். அதைவிட, அச்சுப்பொறியையும் தொலைக்காட்சியையும் வீட்டாரோடு 73-லேயே வைத்துவிடுவது எளிது. பிரித்தே தீர வேண்டும் என்ற பிடிவாதம் வீட்டாரின் பொறுமையைத்தான் சோதிக்கும்.

8. இப்போது ஃபயர்வால்

எல்லாச் சாதனங்களும் புதிய இடத்தில் ஒரு நாளாவது ஒழுங்காக ஓடிய பின்னரே தற்காலிக அனுமதி விதிகளை எடுங்கள். ஓபிஎன்சென்ஸ் விதிகளைப் பாக்கெட் உள்ளே நுழையும் இடைமுகத்தில், மேலிருந்து கீழாக, முதலில் பொருந்துவதை ஏற்று நடத்துகிறது. கேமரா வீட்டாரை அணுகாமல் தடுக்கும் விதி 74-இன் பக்கத்தில் இருக்க வேண்டும். அதை 73-இன் பக்கத்தில் எழுதிவிட்டுத் தடை வேலை செய்யவில்லை என்பவர்களே அதிகம்.

மூன்று தனியார் தொகுதிகளையும் சேர்த்து ஒரு மாற்றுப்பெயரை உருவாக்குங்கள். 74-இல் விதிகளின் வரிசை இது: கேட்வேயின் போர்ட் 53-க்கு (இங்கே போர்ட் என்பது சேவையைக் குறிக்கும் எண், கேபிள் செருகும் இடம் அன்று) டிஎன்எஸ் அனுமதி, போர்ட் 123-க்கு நேர ஒத்திசைவு அனுமதி, பிறகு அந்த மாற்றுப்பெயருக்குப் போகும் அனைத்துக்கும் தடை, கடைசியில் இணையத்துக்கு அனுமதி. தடையை மேலே வைத்தால் கேட்வேயும் அதற்குள் அடங்குவதால் டிஎன்எஸ் நின்றுவிடும். கேமராக்கள் இணையத்துக்கே போக வேண்டாம் என்றால் கடைசி விதியை அவற்றுக்குக் கொடுக்காதீர்கள். ஆனால் நேர ஒத்திசைவை விட்டுவைத்து, கேமராவின் அமைப்பில் நேரச் சர்வராக 192.168.74.1-ஐ எழுதுங்கள், இல்லையேல் பதிவுகளின் நேரம் மெல்ல வழுவிப் போகும்.

72-இல் உள்ள பதிவு மென்பொருள் கேமராவைத் தொடர்புகொள்ள 74-இல் தனி அனுமதி வேண்டியதில்லை. தொடர்பைத் தொடங்குபவர் பக்கத்தில் விதி இருந்தால் போதும். திரும்பி வரும் பதிலை ஃபயர்வால் தானே நினைவில் வைத்து விடுகிறது.

73-இலிருந்து 72-க்கு வீட்டார் அனைவருக்கும் 443 (வலைப்பக்கம்), 445 (கோப்புப் பகிர்வு) போன்ற தேவையான போர்ட்களை மட்டும் கொடுங்கள். தொலைவிலிருந்து உள்நுழைவதற்கான 22-ஆம் போர்ட்டும் பிராக்ஸ்மாக்ஸ் நிர்வாகப் பக்கத்தின் 8006-உம் உங்கள் மடிக்கணினியின் ஒதுக்கீட்டு முகவரிக்கு மட்டும். 75-க்கு டிஎன்எஸ்ஸும் இணையமும் தவிர வேறொன்றும் வேண்டாம்.

9. ஐபிவி6

ஐபிவி6 என்ற புதிய முகவரி முறையைப் பிறகு பார்க்கலாம் என்றால் அதை ரவுட்டரில் வெளிப்படையாக அணைத்துவிடுங்கள். பாதி இயங்கும் நிலையில் விட்டால், ஐபிவி4-க்கென்று எழுதிய தடைகளைச் சாதனங்கள் ஐபிவி6 வழியே சுற்றிப் போகும். இயக்குவதானால், ஒவ்வொரு சப்நெட்டுக்கும் ஒரு /64 தேவை. நிறுவனம் ஒரே ஒரு /64-தான் தருகிறது என்றால் 73-க்கு மட்டும் கொடுங்கள். /60 தந்தால் 16 சப்நெட்களுக்கும், /56 தந்தால் 256 சப்நெட்களுக்கும் வரும்.

10. சோதனையும் பழையதை நீக்குதலும்

ஒவ்வொரு சப்நெட்டிலும் மடிக்கணினியைச் செருகி இந்த வரிசையில் பாருங்கள்: சரியான முகவரி வந்ததா, தன் கேட்வேக்கு பிங் (எட்டுகிறதா என்று பார்க்கும் சோதனைப் பாக்கெட்) போகிறதா, இணையத்திலுள்ள 1.1.1.1-க்குப் போகிறதா, வெளிப் பெயர் ஒன்று தீர்கிறதா, உள்பெயர் தீர்கிறதா. முதலாவது தவறினால் சுவிட்ச் அல்லது டிஹெச்சிபி. இரண்டாவது தவறினால் மாஸ்க் அல்லது விதி. மூன்றாவது தவறினால் விதி அல்லது முகவரி மாற்றம். நான்காவதும் ஐந்தாவதும் டிஎன்எஸ். 74, 75 ஆகியவற்றில் கேட்வே பிங் மட்டும் விலக்கு. அங்கே உங்கள் விதியே அதைத் தடுக்கிறது. பிறகு, போகக் கூடாத இடங்களுக்குப் போகவில்லை என்பதையும் பாருங்கள்; 75-இலிருந்து 192.168.72.1-இன் நிர்வாகப் பக்கம் திறந்தால் விதியில் ஓட்டை இருக்கிறது.

அடுத்து வீட்டின் வலைக் கருவிகள் அனைத்தையும் அணைத்து, ஒரே நேரத்தில் இயக்குங்கள். இன்வெர்ட்டர் தீர்ந்து மின்சாரம் திரும்பும் இரவில் நடப்பதும் இதுவே. சர்வருக்குள் ஓடும் ஒரு மெய்நிகர் கணினியை டிஎன்எஸ்ஸாக வைத்திருப்பவர்கள், அது எழும் வரை வீடு முழுவதும் பெயர்கள் தீராமல் நிற்பதை இப்போதுதான் காண்பார்கள். அவர்கள் டிஎன்எஸ்ஸை ரவுட்டருக்கே மாற்றிவிடுவது நல்லது.

எல்லாம் தாமாக எழுந்து நின்றால், மடிக்கணினியை 73-இல் உள்ள அதன் ஒதுக்கீட்டு முகவரிக்கு மாற்றி, அங்கிருந்து ரவுட்டரின் நிர்வாகப் பக்கம் திறக்கிறது என்பதை உறுதி செய்துகொண்டு, பழைய 192.168.1.0/24-இன் டிஹெச்சிபியையும் முகவரியையும் நீக்குங்கள். புதிய தொகுப்புகளின் லீஸை 24 மணி நேரமாகவும், விருந்தினருடையதை 2 மணி நேரமாகவும் வையுங்கள். ரவுட்டர், சுவிட்ச் இரண்டின் புதிய அமைப்பையும் பதிவிறக்கி, முகவரித் திட்டம் எழுதிய காகிதத்தை ரவுட்டர் இருக்கும் அலமாரியின் கதவின் உட்புறம் ஒட்டிவிடுங்கள்.